கையிருப்பு குறைவு: காட்டுப்பாதை வண்டியில் எதை முதலில் மாற்றுவது?

சேறும்கல்லும்:

வணக்கம். வண்டி சேஸிஸ் மேல் பாடி உட்கார்ந்த பழைய ஃபோர் வீல் டிரைவ். 2.5 லிட்டர் டீசல், லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் கியர்) உண்டு. முன்னால் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், ஷாக் மேலேயே காயில் ஸ்பிரிங். பின்னால் ஒரே அச்சு, லீஃப் ஸ்பிரிங். இரண்டு டிஃபரன்ஷியலும் (இடது, வலது சக்கரங்களுக்கு முறுக்கைப் பிரித்துத் தரும் கியர் அமைப்பு) ஓப்பன், அதாவது பூட்டு இல்லாதவை, டிராக்‌ஷன் கன்ட்ரோல் கிடையாது. வெற்று எடை 1,900 கிலோ, அனுமதித்த மொத்த எடை 2,600 கிலோ. டயர் 245/70 ஆர்16, ரோடு டயர், பாதி தேய்ந்தது.

வார நாட்களில் இதே வண்டியில்தான் வேலைக்குப் போக வேண்டும். மாதம் ஒரு தடவை காட்டுப்பாதை: களிமண் சேறு, உருண்டைக்கல் ஓடை, முழங்கால் அளவு தண்ணீர். இரண்டு பேர், கூடாரம், சமையல் சாமான்.

ஆசைப்பட்டியல் இது: வின்ச்சோடு (வடம் சுற்றி வண்டியை இழுக்கும் மோட்டார்) இரும்பு பம்பர், 50 மி.மீ. லிஃப்ட் (சஸ்பென்ஷனை உயர்த்துவது), மட் டயர், ஸ்நார்க்கல் (என்ஜினுக்கான காற்றை உயரத்தில் எடுக்கும் குழாய்), கூரை ராக், லைட் பார். கையில் இருக்கும் பணம் இதில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் வரும். எந்த வரிசையில் போவது? எதை அடியோடு விட்டுவிடலாம்?

பாறைவழி:

பணத்தை எண்ணுவதற்கு முன் எடையை எண்ணுங்கள். உங்கள் வண்டி தாங்குவது 700 கிலோ. வின்ச்சும் இரும்பு பம்பரும் சேர்ந்து 90 கிலோ, கூரை ராக் 40, பெரிய டயர் ஐந்துக்கும் கூடுதலாக 25 என்று வையுங்கள். ஆள் ஏறும் முன்பே 155 கிலோ போய்விட்டது. அதில் 90 கிலோ முன் அச்சுக்கும் முன்னால் தொங்குகிறது. பம்பர் போட்டதும் மூக்கு இறங்கும், அதைத் தூக்கக் கனமான ஸ்பிரிங் வாங்குவீர்கள், அதற்கேற்ற ஷாக் கேட்கும். ஒரு பொருளுக்கு மூன்று தடவை பணம் கொடுக்கும் கதை அது. குறைந்த பணத்தில் செய்பவர் பம்பரில் தொடங்கவே கூடாது.

என் வரிசை: முதலில் இருக்கும் வண்டியின் ஆரோக்கியம், பிறகு டயர், காற்று, இழுக்கும் கொக்கி, டிஃபரன்ஷியல் மூச்சுக்குழாய், அடித்தகடு. உங்கள் பணம் இதோடு தீர்ந்துவிடும். தீரட்டும், நீங்கள் சொன்ன பாதைக்கு இதுவே போதும்.

ஆரோக்கியம் என்று சொல்வது ஒப்புக்கு அல்ல. ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். பக்கவாட்டில் ஆடினால் டை ராடு முனை. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். கிராஸில் (ஷாஃப்ட் முனையில் மடங்கும் மூட்டு) 'டக்' என்று ஒலி வந்தால் மாற்ற வேண்டும். லோ ரேஞ்ச் விழுகிறதா என்பதை மண் தரையில் சோதியுங்கள். மாதக்கணக்கில் போடாத லீவர் இறுகிக் கிடக்கும். ரேடியேட்டர் ஹோஸ்களைப் பிதுக்கிப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். தேய்ந்த பால் ஜாயிண்டோடு பெரிய டயர் போட்டால், டயரின் எடையே அதை முறித்துவிடும்.

டயருக்கு மொத்தப் பணத்தில் பாதியை ஒதுக்குங்கள். உங்கள் உபயோகத்துக்கு ஆல் டெரெய்ன் போதும். களிமண்ணில் மட் டயர் நன்றாகப் பிடிக்கும், மறுக்கவில்லை. அகலமான இடைவெளி சேற்றை உதறிவிடும். ஆனால் வாரம் ஐந்து நாள் ஈரத் தார் ரோட்டில் பிரேக் பிடிக்கும்போதும், நனைந்த கல்லில் ஏறும்போதும் நுண்கீறல் நிறைந்த ஆல் டெரெய்ன்தான் கைகொடுக்கும்.

அளவு 245/75 ஆர்16 போகலாம். இப்போதைய டயரின் விட்டம் 749 மி.மீ., அது 774 மி.மீ. அச்சின் அடியில் உங்களுக்குக் கிடைப்பது பாதி, அதாவது 12 மி.மீ. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 103 போவீர்கள். வாங்கும் முன் ஒரு முன் சக்கரத்தைக் கட்டையில் ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, சக்கரத்துக்கு மேலுள்ள பாடி வளைவின் பின்மூலையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பிளாஸ்டிக் லைனரைக் கொஞ்சம் வெட்டினால் சரியாகிவிடும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும், நான்கோடு ஐந்தாவதாக வாங்குங்கள். ஃபோர் வீலில் ஓடும்போது ஒரு சக்கரம் மட்டும் சிறியதாக இருந்தால், முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் முறுக்கு ஏறும்.

கிரீஸ்கை:

டயர் பத்தி அண்ணன் சொன்னதுல மாற்றுக்கருத்து இல்ல. ஆனா நல்ல டயர் வாங்கிட்டு 35 பி.எஸ்.ஐ.யோட சேத்துல இறங்கினா பாதிக் காசு வீண். காத்தைக் குறைச்சா டயர் தரையில நீளவாக்குல படியும், பிடிப்பு அங்கதான் வருது. உங்க எடைக்கு கல்லுப் பாதையில 20, சேத்துல 18, மணல் வந்தா 15. அதுக்குக் கீழ போனா ரிம்ல இருந்து டயர் கழண்டுக்கும், அதுவும் ஸ்டியரிங்கைச் சட்டுனு ஒடிக்கும்போது. காத்து குறைஞ்ச வண்டியை மணிக்கு 40 கி.மீ.க்கு மேல ஓட்டாதீங்க. பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி உள்ளுக்குள்ளயே கிழியும்.

காத்தைக் குறைச்சா திரும்ப ஏத்தணும்ல. உங்க அளவு டயர்ல 18ல இருந்து 35க்கு ஏத்த சுமார் 80 லிட்டர் காத்து வேணும், நாலுக்கு 320. பெட்டி மேல போட்டிருக்கிற லிட்டர் கணக்கு, எதிர் அழுத்தம் இல்லாம ஊதும்போது வர்றது. பாதின்னு எடுத்துக்குங்க. 70 லிட்டர்னு போட்ட கம்ப்ரஸர் நாலு டயரையும் பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ முடிக்கும். பேட்டரியில நேரடியா கிளிப் போடுற மாடலா வாங்குங்க. சிகரெட் லைட்டர் சாக்கெட்டோட ஃபியூஸ் 10, 15 ஆம்ப்தான், பெரிய கம்ப்ரஸர் 25 ஆம்புக்கு மேல இழுக்கும். என்ஜின் ஓடிக்கிட்டு இருக்கணும்.

வின்ச்சை விடச் சொன்னது சரி. அதுக்குப் பதிலா பின்பக்க டிஃபரன்ஷியலுக்கு லாக்கர் (ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணா பூட்டுறது) யோசிங்க. ஓப்பன் டிஃபரன்ஷியல்ல ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்குதான் போகும். ஒண்ணு காத்துல தொங்கினா அதைச் சுத்த எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் மத்ததுக்கும், அதாவது ஒண்ணுமில்ல. குறுக்குப் பள்ளத்துல எதிரெதிர் மூலையில ரெண்டு சக்கரம் தூக்கினதும் ஃபோர் வீல் வண்டி அப்படியே நிக்கிறதுக்குக் காரணம் இதான். லாக்கர் போட்டா தரையில இருக்கிற சக்கரம் தள்ளும். வின்ச் மாட்டினப்புறம் இழுத்து எடுக்கும், லாக்கர் மாட்டாமலே பாத்துக்கும்.

பாறைவழி:

லாக்கர் நல்லதுதான், ஆனால் முதல் வருடத்துக்கு வேண்டாம். அச்சைப் பிரித்து, கிரவுனும் பினியனும் உட்காரும் இடைவெளியை மறுபடி அளந்து பொருத்தத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கூலியே ஒரு டயர் விலைக்கு வந்துவிடும். உள்ளே இருக்கும் சின்னக் கியர்களுக்குப் பதிலாகப் போடும் தானியங்கி லாக்கர் மலிவு. ஆனால் தினமும் ரோட்டில் ஓடும் வண்டியில் ஒவ்வொரு திருப்பத்திலும் 'கடக் கடக்' என்று சொல்லும், ஈர ரோட்டில் பின்பக்கத்தைத் தள்ளும். அதுவரை சக்கரம் தொங்கும் இடத்தில் ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று கிளிக் இழுத்து மெல்ல ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். உங்கள் வண்டியில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களில் பிடிக்கிறதென்றால், சுற்றும் சக்கரத்துக்கு எதிர்ப்பு கிடைத்து எதிர்ப்பக்கத்துக்குக் கொஞ்சம் முறுக்கு போகும். எல்லா இடத்திலும் பலிக்காது, ஆனால் செலவில்லை.

சேறும்கல்லும்:

மிக்க நன்றி. பம்பர், வின்ச், கூரை ராக், லைட் பார் நான்கையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். இன்னும் மூன்று சந்தேகம். லிஃப்ட் இல்லாமல் ஓடைக்கல்லில் அடி தட்டாதா? முழங்கால் தண்ணீருக்கு ஸ்நார்க்கல் வேண்டாமா? இழுக்கும் கொக்கி என்கிறீர்களே, வண்டிக்கு முன்னால் ஏற்கனவே இரண்டு வளையம் இருக்கிறது, அது போதாதா?

லோரேஞ்ச்:

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், உயிர் சம்பந்தப்பட்டது. மெல்லிய கம்பியை வளைத்த மாதிரி இருக்கும் அந்த வளையங்கள் கப்பலிலும் லாரியிலும் வண்டியைக் கட்டி வைக்க. சேற்றில் புதைந்த வண்டியை ஸ்னாட்ச் ஸ்ட்ராப் (இழுக்கும்போது நீளும் பட்டை) போட்டு இழுத்தால் நிமிரும், இல்லை பிய்த்துக்கொண்டு பறக்கும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் ஒருபோதும் ஸ்ட்ராப்பை மாட்டாதீர்கள். அது உடைந்து பறந்து கண்ணாடியைத் துளைத்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

வேண்டியது, தாங்கும் எடை முத்திரையிட்ட கொக்கி, முன்னால் இரண்டு. சேஸிஸ் நீளவாட்டில் உள்ள தொழிற்சாலைத் துளைகளில் ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு போல்ட்டில் உட்கார வேண்டும். போல்ட் 8.8 தரத்துக்குக் குறையக் கூடாது. தலையில் எண் பொறித்திருக்கும், இல்லாததை வாங்காதீர்கள். பின்னால் டோ பார் சதுரக்குழாய் இருந்தால் அதற்குள் செருகும் ஹிட்ச் போதும். கூடவே 4.75 டன் முத்திரையுள்ள ஷாக்கிள் (ஸ்ட்ராப்பைக் கொக்கியோடு இணைக்கும் வளையம்) இரண்டு, ஒன்பது மீட்டர் ஸ்ட்ராப் ஒன்று. ஸ்ட்ராப்பின் முறிவுத்திறன், இரண்டில் இலகுவான வண்டியின் மொத்த எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. 2,600 கிலோவுக்கு 8 டன் சரியாக வரும். 15 டன் வாங்கினால் அது நீளாது. நீளாத ஸ்ட்ராப் வெறும் சங்கிலி மாதிரி சேஸிஸை அடிக்கும். இழுக்கும்போது ஸ்ட்ராப்பின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு, ஆட்களை ஸ்ட்ராப் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிறுத்துங்கள். தனியாகப் போனால் இழுக்க ஆள் இல்லை, அதற்கு ஒரு மண்வெட்டியும் ஒரு ஜோடி டிராக்‌ஷன் போர்டும் (சக்கரத்துக்கு அடியில் வைக்கும் பிடிப்புப் பலகை). ஜாக்கி சேற்றில் இறங்காமல் இருக்க ஒரு சாண் சதுரத்தில் 20 மி.மீ. ப்ளைவுட் பலகை.

லிஃப்ட் பற்றி: பின் அச்சின் உருண்டை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை டயர் மட்டும்தான் தீர்மானிக்கும். லிஃப்ட் பாடியைத் தூக்கும், அச்சை அல்ல. உங்கள் முன் டிஃபரன்ஷியல் சேஸிஸில் தொங்குவதால் அது உயரும், ஆனால் அதோடு டிரைவ் ஷாஃப்ட் கோணம் கூடி ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும். 50 மி.மீ. ஏற்றினால் கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்து ஸ்டியரிங் அலையும், அலைன்மென்ட் அவசியம். மலிவு என்று ஷாக் தலையில் ஸ்பேசர் வைப்பார்கள், 25 மி.மீ. தகடு சக்கரத்தில் சுமார் 50 மி.மீ. தூக்கும், ஆனால் சக்கரம் பழைய எல்லையைவிடக் கீழே தொங்கும், அங்கே பால் ஜாயிண்டும் சஸ்பென்ஷன் கையும் முட்டிக்கொள்ளும். பள்ளத்தில் சக்கரம் விழும்போதெல்லாம் 'டம்' என்று கேட்பது அதனால்தான்.

கல்லுக்கு லிஃப்டைவிட அடித்தகடு மலிவு, பயனும் அதிகம். தொழிற்சாலைத் தகடு மெல்லியது, கல்லில் உட்கார்ந்தால் ஆயில் பேன் மேல் போய் நசுங்கும். 4 மி.மீ. இரும்புத் தகடு என்ஜின் பேனையும் கியர்பாக்ஸையும் மறைத்தால் போதும். அலுமினியம் இலகு, ஆனால் கல்லில் கவ்விக்கொள்ளும்; இரும்பு வழுக்கிப் போகும். ஆயில் வடிக்கும் நட்டுக்கு நேராகத் துளை, பின்ஓரத்தில் சேறு வடியத் துளை. சைலன்ஸர் பக்கம் காய்ந்த புல் சிக்கினால் தீப்பிடிக்கும், பயணம் முடிந்ததும் குனிந்து பார்க்க வேண்டும்.

கிரீஸ்கை:

தண்ணி விஷயம் நான் சொல்றேன். போனட்டைத் திறந்து காத்து உறிஞ்சுற வாய் எங்க இருக்குன்னு பாருங்க. ஹெட்லைட் உயரத்துல இருந்தா, மெதுவா போற வரைக்கும் முழங்கால் தண்ணிக்கு ஸ்நார்க்கல் தேவையில்ல. என்னைக்காவது போட்டா, என்ஜினை ஐடில்ல விட்டு ஸ்நார்க்கல் தலையை உள்ளங்கையால அடைச்சுப் பாருங்க. என்ஜின் திணறி நிக்கணும். ஓடிக்கிட்டே இருந்தா நடுவுல எங்கயோ இணைப்பு லீக், அது வழியா தண்ணியும் போகும்.

உங்களுக்கு உடனே வேண்டியது டிஃபரன்ஷியல் மூச்சுக்குழாய். ஓட்டத்துல சூடான அச்சு குளிர்ந்த ஓடையில இறங்கினதும் உள்ள இருக்கிற காத்து சுருங்கும், அந்த உறிஞ்சல்ல ஆயில் சீல் ஓரமா தண்ணி உள்ள போகும். ஆயில் பால் கலந்த காபி மாதிரி ஆயிடும், பேரிங் துரு பிடிக்கும்.

வேலை ஒரு மதியத்துல முடியும். பின் அச்சு மேல சின்ன மூடி மாதிரி இருக்கிறதுதான் வால்வு. கழட்டறதுக்கு முன்னாடி சுத்தி பிரஷ்ஷால தேய்ச்சு ஊதிடுங்க, இல்லேன்னா அந்த மண்ணு உள்ள விழும். அதே மரையில ஹோஸ் நிப்பிள் மாட்டுங்க. 8 மி.மீ. உள்விட்டமுள்ள ஃபியூயல் ஹோஸ் போதும். சேஸிஸைத் தூக்கி அச்சைத் தொங்க விட்டு நீளம் அளக்கணும், அதுக்கு மேல ஒரு சாண் விடுங்க. நின்ன நிலையில அளந்தா முதல் பள்ளத்துலயே பிடுங்கிக்கும். வழியில தொய்வு இருந்தா அங்க தண்ணி தேங்கி அடைச்சிடும், அதனால போறவரைக்கும் ஏறுமுகமா இருக்கணும். சைலன்ஸர் பக்கம் போகாம என்ஜின் அறையோட பின்சுவர்ல மேல ஏத்தி, முனையில சின்ன ஃபியூயல் ஃபில்டர் மாட்டி முடிங்க. முன் டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் இதே மாதிரிதான். டை இறுக்கும்போது ஹோஸ் நசுங்காம பாத்துக்குங்க.

சேறும்கல்லும்:

அப்படியானால் டயர் ஐந்து, கம்ப்ரஸர், கொக்கியும் ஸ்ட்ராப்பும், மூச்சுக்குழாய், அடித்தகடு. கணக்குப் போட்டால் கொஞ்சம் மிஞ்சுகிறது. ஷாக் மாற்றலாமா?

லோரேஞ்ச்:

ஷாக்கில் ஆயில் கசிந்திருந்தால் மட்டும், அதே நீளத்தில். இல்லையென்றால் அந்தப் பணத்தில் டயர் பஞ்சர் குச்சி செட், வால்வு ஊசி நான்கு, ஃபேன் பெல்ட், மேல் ரேடியேட்டர் ஹோஸ், ஃபியூஸ் வாங்கி ஒரு பெட்டியில் வையுங்கள். கொக்கி, அடித்தகடு போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச்சில் இறுக்கி, ஒவ்வொன்றின் தலைக்கும் சேஸிஸுக்கும் குறுக்கே பெயிண்டில் ஒரு கோடு போடுங்கள். முதல் பயணம் முடிந்து கழுவும்போது கோடு விலகியிருந்தால் போல்ட் நழுவியிருக்கிறது என்று அர்த்தம். வீல் நட்டுகளை 80 கி.மீ. ஓடியதும் ஒரு தடவை மறுபடி இறுக்குங்கள்.