இந்திய ரூபாய் – இலங்கை ரூபாய்: பழைய மாற்று விகிதம் எப்படி எடுப்பது?

கேள்வி: 1960லிருந்து ஒரு எக்செல் தாள் போடணும். பழைய வருஷங்களுக்கு நேரடி விகிதம் கிடைக்கல. டாலர் வழியா வகுத்தா சரியா வருமா?

பதில் 1: வரும். 1966 ஜூன் 6 வரை ரெண்டுமே டாலருக்கு 4.76, அதாவது ஒன்றுக்கு ஒன்று. அன்று இந்தியா 7.50க்கு இறக்கியது, இலங்கை அசையல. ஆக ஒரு இலங்கை ரூபாய்க்கு 1.58 இந்திய ரூபாய்! (இப்போ சொன்னா யாரும் நம்பமாட்டாங்க.) 1967 நவம்பரில் பவுண்டைத் தொடர்ந்து இலங்கையும் 5.95க்கு இறக்க, அது 1.26 ஆச்சு.

பதில் 2: 1968 மே முதல் 1977 நவம்பர் வரை அரசாங்க விகிதத்தை மட்டும் போடாதீங்க. அப்போ இலங்கையில் இரட்டை விகிதம். தேயிலை, ரப்பர், தேங்காய் ஏற்றுமதிக்கு ஒன்று. பல இறக்குமதிகளுக்குச் செலாவணிச் சான்றிதழ் வாங்கி மேல்தொகை கட்டணும். 1977இல் இரண்டையும் சேர்த்து டாலருக்கு சுமார் 16 ஆக்கினாங்க. மேல்தொகையைச் சேர்க்காட்டி வரைபடத்தில் அந்த இடத்துச் சரிவு உள்ளதைவிடப் பெருசாத் தெரியும்.

பதில் 3: 2022க்கு ஆண்டுச் சராசரி வேண்டாம். மார்ச் தொடக்கத்தில் டாலர் 200 சொச்சம், மே மாதம் 360ஐ ஒட்டி. இந்திய ரூபாய் ஒன்றுக்கு 2.65லிருந்து 4.6க்குத் தாவல். நாள்வாரியா வகுத்துட்டு அப்புறம் சராசரி எடுங்க. போயா (பௌர்ணமி நாள்) விடுமுறைக்கு இலங்கை விகிதம் இருக்காது. முந்தின நாள் எண்ணை இட்டு நிரப்பாம அந்த வரியையே நீக்கிடுங்க.