சன் கான்யூர் கிளி கையைக் கண்டாலே கடிக்கிறது, ஸ்டெப் அப் (விரலில் ஏறுவது) பழக்குவது எப்படி?

மொட்டைமாடி:
சன் கான்யூர், ஐந்து மாதக் குஞ்சு. கம்பி வழியாக விதை கொடுத்தால் வாங்கிக்கொள்கிறது. கையை உள்ளே விட்டால் கடி. வீடியோக்களில் காட்டுவதுபோல விரலை வயிற்றில் வைத்து அழுத்தினால் பின்வாங்கி மூலைக்குப் போய்விடுகிறது. வெளியே விட்டால் துண்டு போட்டுத்தான் திரும்பப் பிடிக்க முடிகிறது. விரலில் ஏற வேண்டும், கூப்பிட்டால் வர வேண்டும், கூண்டுக்குத் தானே போக வேண்டும். பேசாவிட்டாலும் பரவாயில்லை. தோல் கையுறை போட்டுப் பழக்கலாமா?

வால்சிறகு:
கையுறை வேண்டவே வேண்டாம், கை இன்னும் பெரிதாகத் தெரிந்து பயம்தான் கூடும். துண்டையும் அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கை வருகிறது, கிளி கடிக்கிறது, கை போய்விடுகிறது. கடித்தால் கை போகும் என்று அதற்கு நீங்களே கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். இனி கடி வருவதற்கு முன்பே கை விலக வேண்டும். உடம்பை ஒடுக்கிக் கழுத்தை நீட்டுவது, பிடரி இறகு சிலிர்ப்பது, வால் விரிவது, கண்மணி சட்சட்டென்று சுருங்கி விரிவது, இதில் எதைப் பார்த்தாலும் கையை அங்கேயே நிறுத்தி, மெதுவாகப் பின்னால் எடுங்கள்.

முதலில் விரலை மறந்துவிட்டுக் குச்சியில் தொடங்குங்கள். ஒரு சாப்ஸ்டிக் போதும். கம்பிக்கு வெளியிலிருந்து நுனியை அலகுக்கு இரண்டு அங்குலம் தள்ளிக் காட்டுங்கள். நுனியைத் தொட்ட கணத்தில் நாக்கால் ஒரு 'டக்', உடனே விதை. 'டக்' தாமதமானால், குச்சியை விட்டுத் திரும்பியதற்குத்தான் விதை கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளும். குச்சியைக் கடித்து விளையாட விடாதீர்கள், தொட்டதும் குச்சி மறைந்துவிட வேண்டும். குச்சி போகிற பக்கமெல்லாம் தயங்காமல் நடந்து வர ஆரம்பித்த பிறகுதான் கை.

அப்போதும் கையைக் கிளியிடம் கொண்டுபோகக் கூடாது. கூண்டு வாசலில் ஆள்காட்டி விரலைக் கிடையாக நீட்டி அசையாமல் வைத்து, குச்சியை விரலுக்கு அந்தப்பக்கம் காட்டுங்கள். நுனியைத் தொட விரலில் கால் வைத்தே ஆக வேண்டும். ஒரு கால் வைத்தாலே 'டக்', விதை. இரண்டு காலும் வந்தால் பெரிய விதைத் துண்டு. நன்றாக ஏறத் தொடங்கிய பிறகு 'ஏறு' என்று சொல்லிப் பழக்குங்கள். இப்போதே சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பே இருக்காது.

தினைக்கதிர்:
மேலே சொன்னது சரி, ஆனால் தீனிப் பாத்திரத்தில் சன்ஃப்ளவர் இருக்கும்வரை எந்தக் குச்சியும் வேலை செய்யாது. பாத்திரத்திலிருந்து அதை அடியோடு எடுத்துவிடுங்கள். பெல்லட் (கடையில் விற்கும் உருண்டைத் தீனி), காய்கறி, ஊறவைத்த பயறு, முளைதானியம் இருக்கட்டும். சன்ஃப்ளவர் பயிற்சியில் மட்டும்தான், அதுவும் தோல் நீக்கி மூன்று நான்காகக் கிள்ளிய துண்டு. முழு விதை கொடுத்தால் அதை உடைத்துத் தின்பதற்குள் பயிற்சியே மறந்துவிடும். காலைத் தீனிக்கு முன் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம். ஆர்வம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

பட்டினி போட்டுப் பழக்குவோர் உண்டு, அந்த வழிக்கே போகாதீர்கள். கிராம் காட்டும் கிச்சன் தராசு ஒன்று வாங்கி, தினமும் காலை எச்சமிட்ட பிறகு எடை பாருங்கள். சன் கான்யூர் பெரும்பாலும் 100 முதல் 120 கிராம் இருக்கும். வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் பயிற்சியை நிறுத்திப் பறவை பார்க்கும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வயிற்றில் விரல் வைத்து ஏற்றுவது, கைத்தீனியில் வளர்ந்து கைக்குப் பழகிய குஞ்சுக்குப் பலிக்கும். வீடியோக்களில் வருவது பெரும்பாலும் அந்த ரகம்.

மொட்டைமாடி:
நன்றி. ஒரு சந்தேகம். இப்போது ஒரு கால் வைக்கிறது, ஆனால் அதற்கு முன் விரலை அலகால் பிடிக்கிறது. அது கடியா?

வால்சிறகு:
இல்லை ப்ரோ, கிளிக்கு அலகு மூன்றாவது கால். விரல் தாங்குமா என்று பார்க்கிறது. அந்த நேரத்தில் கையை இழுத்தீர்களானால், ஆடுகிற கிளை என்று முடிவு கட்டிவிடும். விரல் அது நிற்கும் பெர்ச்சைவிட (உட்காரும் குச்சி) சற்று மேலே, காலுக்கு நேர் முன்னால் இருக்கட்டும். முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்தால் கை நடுங்காது.

கூண்டுவாசல்:
கூண்டுக்குப் போகாததற்குக் காரணம், உள்ளே போனால் ஆட்டம் முடிந்தது என்று அதற்குத் தெரியும். உள்ளே விட்டு, ஒரு விதைத் துண்டு கொடுத்து, உடனே திரும்ப வெளியே எடுங்கள். பெரும்பாலான முறை அப்படியே செய்யுங்கள், எப்போதாவது மட்டும் கதவைச் சாத்துங்கள். நாளின் முதல் உணவையும் உள்ளேதான் வைக்க வேண்டும்.

கூப்பிட்டால் வருவதற்கு, இரண்டு நாற்காலிகளின் முதுகைப் பெர்ச்சாக வைத்து ஓர் அடி இடைவெளியில் தொடங்குங்கள். தயங்கினால் தூரத்தைக் குறையுங்கள், திரும்பத் திரும்பக் கூப்பிடாதீர்கள். வெளியே எடுப்பதற்கு முன் சீலிங் ஃபேன் நின்றிருக்க வேண்டும், ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும், அடுப்பில் கொதிக்கும் பாத்திரம் இருக்கக் கூடாது. நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடாகி வரும் புகையே கிளியைக் கொன்றுவிடும்.

புதுசு:
இதே முறையில் பச்சைக்கிளியைப் பழக்கலாமா?

கூண்டுவாசல்:
பழகும், ஆனால் வைத்திருக்கவே கூடாது. நம்மூர்ப் பச்சைக்கிளி, பெரிய பச்சைக்கிளி இரண்டையும் வளர்ப்பது 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கீழே விழுந்த குஞ்சு கிடைத்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். சன் கான்யூர் வெளிநாட்டு இனம், வைத்திருக்கலாம். ஆனால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், கடை பில்லைப் பத்திரமாக வையுங்கள்.