மறு: டிகார்பாக்சிலேஸுக்கு 'சிதைப்பு நொதி' சரிவருமா?

அண்ணன், மற்ற நண்பர்களே,

டிகார்பாக்சிலேஸ் என்ற நொதிவகைக்குத் தமிழ்ச்சொல்லாகப் பாறசாலை அண்ணன் சொன்ன 'அமினோ அமிலச் சிதைப்பு நொதி' வாயில் எளிதாக வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. சிதைந்தது என்றால் ஒழிந்தது என்றுதான் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தில் நடப்பது வேறு. மோர்கனெல்லா மோர்கனி போன்ற பாக்டீரியாக்களின் டிகார்பாக்சிலேஸ் நொதி அதன் கார்பாக்சில் என்ற அணுத்தொகுதியை மட்டும் கார்பன் டை ஆக்சைடாகக் கழற்றிவிடுகிறது. மிஞ்சுவது ஹிஸ்டமின்.

தேங்காப்பட்டணத்தில் கரையேறும் சூரை, அயிலை, சாளை எல்லாமே இயல்பிலேயே ஹிஸ்டிடின் மிகுந்த மீன்கள். ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்த மீனைத் தின்று முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பில் தடிப்பு எழுந்தால் பெரும்பாலும் இந்த ஹிஸ்டமின்தான் காரணம். கொதிக்கவைத்தால் பாக்டீரியா சாகும், நொதியும் செயலிழக்கும். ஹிஸ்டமின் மட்டும் குழம்பில் அப்படியே இருக்கும். கிலோவுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தரம் வரம்பு வைத்திருப்பதும் அதனால்தான். இவ்வளவு முக்கியமான மிச்சத்தை 'சிதைப்பு' என்ற சொல் மறைத்துவிடுகிறது.

இன்னொன்று. அதே ஹிஸ்டிடினிலிருந்து சூடோமோனாஸ் பியூட்டிடா என்ற பாக்டீரியாவின் ஒரு நொதி அம்மோனியாவைக் கழற்றி யூரோக்கனேட் என்ற வேறொரு பொருளைத் தருகிறது. மோர்கனெல்லாவின் நொதிக்குப் பி6 வைட்டமினிலிருந்து வரும் பைரிடாக்சல் பாஸ்பேட் துணை வேண்டும், சூடோமோனாஸின் நொதிக்கு வேண்டாம். செயல்முறை வேறு, விளைபொருள் வேறு. இரண்டையும் 'சிதைப்பு நொதி' என்றால் மாணவர் எப்படிப் பிரித்தறிவார்? எதைக் கழற்றுகிறது என்பது பெயரிலேயே இருக்கவேண்டும்.

டிகார்பாக்சிலேஸுக்கு 'கரிநீக்கி' என்பது சுருக்கம்தான், ஆனால் அடுப்புக்கரிதான் நினைவுக்கு வரும். 'கார்பாக்சில் நீக்கி' பரவாயில்லை. கறைநீக்கி மாதிரி ஏதோ ரசாயனம் என்று தோன்றுவதுதான் குறை. என் பரிந்துரை: கார்பாக்சில் நீக்குநொதி. வினைத்தொகை என்பதால் நீக்கிய, நீக்குகிற, நீக்கும் என மூன்று காலமும் அதில் அடங்கும். இந்த நொதியின் குணமும் அப்படித்தான். குளிரில் பாக்டீரியா பெருகுவது நின்றாலும், ஏற்கெனவே உண்டான நொதி மெல்ல வேலை செய்துகொண்டிருக்கும். உறையவைத்த மீனை உருக்கியதும் மறுபடி ஊக்கம் பெறும்.

இந்த நொதி செய்யும் வேதிவினைக்குக் கார்பாக்சில் நீக்கம். சூடோமோனாஸின் நொதிக்கு அம்மோனியா நீக்குநொதி. அப்புறம், மீன் விற்கிற அக்காமாருக்கான துண்டறிக்கையில் இதெல்லாம் வேண்டாம். 'ஹிஸ்டமின் உண்டாக்கும் நொதி' போதும்.

நீராற்பகுப்போ ஆக்சிஜனேற்றமோ இல்லாமல் பிணைப்பை அறுக்கும் லையேஸ் என்ற நொதி வகுப்பில்தான் இந்த இரண்டு நொதிகளும் வருகின்றன. அந்த வகுப்புக்கு எனக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. நாகர்கோவில் டீச்சர் ஏதாவது யோசித்து வைத்திருந்தால் எழுதுங்கள்.