எடின்பரோ பழைய நகரத்தின் பங்கு எல்லைகள்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. எடின்பரோவின் பழைய நகரத்தில் ஒவ்வொரு பங்கும் (parish, ஒரு கோவிலின் பொறுப்பில் உள்ள பகுதி) எதுவரை பரவியிருந்தது என்று ஒரு வரைபடம் வரைய முயல்கிறேன். ஸ்காட்லாந்தின் பழைய வரைபடங்களோடும் சபைப் பதிவேடுகளோடும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

எடின்பரோ நகரத்துக்கு முதலில் செயின்ட் ஜைல்ஸ் ஒன்றுதான் பங்குக் கோவில். சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, 1598இல் நகரை நான்கு பங்குகளாகப் பிரித்தார்கள். அப்புறம் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. செயின்ட் ஜைல்ஸுக்குள்ளேயே குறுக்குச் சுவர் எழுப்பி, ஒரே கூரையின் கீழ் தனித்தனிச் சபைகள் கூடின. அதனால் கோவில் இருக்கும் இடத்தை வைத்து எல்லையை ஊகிக்கவே முடியாது.

எனக்கு வேண்டியது 1760 முதல் 1800 வரையிலான நிலவரம். அக்காலத் திருமணப் பதிவுகளில் மணமகனின் தொழிலையும், டிரான் கிர்க் பங்கு, டோல்பூத் கிர்க் பங்கு (கிர்க் என்றால் கோவில்) என்று பங்கின் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் தெருப் பெயர் இல்லை. பழைய நகரத்தின் முக்கியத் தெருவான ஹை ஸ்ட்ரீட்டிலிருந்து இரு பக்கமும் சரிந்து இறங்கும் சந்துகளில் எது எந்தப் பங்கில் இருந்தது என்று தெரிந்தால், ஒரு குடும்பம் வாழ்ந்த இடத்தை ஓரளவு சுருக்கிவிடலாம்.

பக்கத்துப் பங்குகளான கேனன்கேட், செயின்ட் கத்பர்ட்ஸ் இரண்டுக்கும் தனிப் பதிவேடுகள் உண்டு, அங்கே சிக்கல் இல்லை. வில்லியம் எட்கர் என்பவர் வரைந்த 1742 நகர வரைபடத்தில் சந்துப் பெயர்கள் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் அரசின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பெரிய நகர வரைபடம் அருமையானது, ஆனால் அது 1850 வாக்கில் வந்தது.

நகர மன்றக் குறிப்பேடுகளில் எல்லையைச் சந்து சந்தாக விவரிக்கும் பகுதி எதையாவது பார்த்திருக்கிறீர்களா? போதகர்களின் சம்பளத்துக்காக வசூலித்த ஆனுயிட்டி வரிக் கணக்குகள் பங்கு வாரியாக இருக்கின்றனவா? ஆண்டும் ஆவண எண்ணும் சொன்னால் போதும், நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன். வரைந்து முடித்ததும் வரைபடத்தை இங்கேயே எல்லோருக்கும் பகிர்கிறேன்.