பொருள்: ‘ஃபாலோயிங் எரர்’ – பின்தொடர் பிழை வேண்டாம், பின்தங்கல் போதும்

அன்பர்களுக்கு வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்கு முந்தைய மடலில் வந்த முன்மொழிவு இது:

> ஃபாலோயிங் எரர் = பின்தொடர் பிழை. மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

மறுப்பு உண்டு. இந்தச் சொல்லோடு ‘பிழை’ ஒட்டிக்கொண்டிருக்கும்வரை, சர்வோ (தன் நிலையை அளந்து அளந்து திருத்திக்கொண்டே ஓடும் மோட்டார் அமைப்பு) பழகவரும் பையன் திரையில் அந்த எண்ணைக் கண்டதும் ஏதோ கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பான். கெட்டதற்கும் இதற்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது.

உள்ளே நடப்பது இதுதான். அச்சு, அதாவது மோட்டார் நகர்த்தும் இயந்திரப் பகுதி, இந்த நொடியில் எங்கே இருக்க வேண்டும் என்பதை, இயக்கத்தைத் திட்டமிடும் மோஷன் கன்ட்ரோலர், மோட்டாரை ஓட்டும் டிரைவுக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மில்லிநொடிக்கு ஒருமுறை, சில இயந்திரங்களில் அதைவிட அடிக்கடி. இது கட்டளை நிலை. அச்சு உண்மையில் எங்கே இருக்கிறது என்று மோட்டாரின் வாலில் இருக்கும் என்கோடர் சொல்கிறது. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் நாம் பெயர் தேடும் இடைவெளி. நிலை வளையம் (நிலையைச் சரிசெய்யும் கட்டுப்பாட்டுப் பகுதி) அதைக் ‘கெயின்’ என்ற பெருக்கெண்ணால் பெருக்கி, ‘இந்த வேகத்தில் ஓடு’ என்று வேக வளையத்துக்குக் கொடுக்கிறது. வேக வளையம் தேவையான முறுக்குவிசையைக் கேட்கிறது, மின்னோட்ட வளையம் அதற்கான ஆம்பியரை மோட்டாருக்கு ஊட்டுகிறது.

இந்த எளிய அமைப்பில் இடைவெளி பூஜ்யமானால் வேகக் கட்டளையும் பூஜ்யம், மோட்டார் நின்றுவிடும். ஓடவேண்டும் என்றாலே இடைவெளி இருந்தாக வேண்டும். கெயின் நொடிக்கு 50 என்று வைத்து, அச்சை நொடிக்கு 100 மி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள். அச்சு கட்டளைக்கு 2 மி.மீ. பின்னால் வரும். எந்தக் குறையும் இல்லாத புத்தம்புதிய இயந்திரத்திலும் அப்படித்தான். இதைப் ‘பிழை’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஜெர்மானியர்களிடம் இதற்கு இரண்டு சொற்கள் புழங்குகின்றன: ஷ்லெப்ஃபேலர், ஷ்லெப்அப்ஷ்டாண்ட். முன்னதில் பிழை இருக்கிறது, பின்னதில் தொலைவு. நாம் பின்னவர் பக்கம் நிற்கலாம். என் முன்மொழிவு: பின்தங்கல்.

> பின்தங்கல் என்றால் பின்தங்கிய மாவட்டம்தான் நினைவுக்கு வருகிறது. ‘பின்னடைவு’ ஆகாதா?

பின்னடைவு என்றால் எனக்கு வாக்கு எண்ணிக்கைதான் நினைவுக்கு வருகிறது! பின்தங்குதலோ பள்ளி இயற்பியலில் ஏற்கெனவே இருக்கிறது. மின்தூண்டி மட்டுமே உள்ள மாறுதிசைச் சுற்றில் மின்னோட்டம் மின்னழுத்தத்தைவிடப் பின்தங்குகிறது, மின்தேக்கியில் முந்துகிறது என்று படித்துவிட்டுத்தான் நம் வாசகர் இந்தப் பக்கமே வருகிறார்.

> ஃபீட்ஃபார்வர்டு கொடுத்தால் எண் மைனஸில் போகிறதே. அச்சு முன்னால் ஓடும்போதும் பின்தங்கல் என்பதா?

நல்ல கேள்வி, இந்த இழையில் வந்ததிலேயே நல்லது. ஃபீட்ஃபார்வர்டில் கன்ட்ரோலர் வேகத்தையும் சேர்த்தே டிரைவுக்குச் சொல்லிவிடுகிறது. இடைவெளி பிறந்து, அதிலிருந்து வேகம் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மேலே சொன்ன 2 மி.மீ. ஏறக்குறைய மறைந்துவிடும். அளவுக்கு மேல் கொடுத்தால் அச்சு கட்டளையை முந்தும், எண் எதிர்க்குறியில் வரும். இதற்கும் அதே இயற்பியல் பாடம் வழி காட்டுகிறது: எதிர்க்குறிப் பின்தங்கல் என்பது முந்தல். அளவின் பெயர் ஒன்றே, குறி மட்டும் மாறும்.

சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது என்பது என் கட்சி. அலாரம் திரை: ‘எக்ஸ் அச்சு – பின்தங்கல் எல்லை மீறியது.’ இடிக்கவில்லை. கையேட்டு வரி: ‘சீரான வேகத்தில் பின்தங்கல் நிலையாக இருக்க வேண்டும், வேகம் மாறாமலே அது கூடிக்கொண்டு போனால் தாங்கியையும் திருகுதண்டையும் பாருங்கள்.’ இந்த இடத்தில் ‘பிழை நிலையாக இருக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தால் படிப்பவர் என்ன நினைப்பார்?

எல்லை என்றதும் ஒரு வயிற்றெரிச்சல். அலாரம் அடிக்கடி வருகிறது என்று அந்த எல்லையைத் தூக்கி 50 மி.மீ.-இல் வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதே அச்சு, அதே 2 மி.மீ. பின்தங்கல். எல்லை 5 என்றால், அச்சு எதிலாவது முட்டி நின்ற 30 மில்லிநொடியில் டிரைவ் டிரிப் ஆகும். 50 என்றால் 480 மில்லிநொடி. கிட்டத்தட்ட அரை நொடி, மோட்டார் தன் உச்ச முறுக்குவிசை வரை ஏறி முட்டிய பொருளையே நெட்டித் தள்ளிக்கொண்டிருக்கும். இது தன் வேகத்துக்கு இயல்பாக வரும் தொலைவு, அதற்குக் கொஞ்சம் மேலே எல்லை வைக்க வேண்டும் என்ற கணக்கு புரிந்தவர் அப்படிச் செய்யமாட்டார். எல்லாப் பழியையும் பெயர்மீது போடவில்லை. ஆனாலும் பெயருக்கும் பங்கு உண்டு.

உண்மையிலேயே பிழை என்று சொல்லத்தக்கது வேறொன்று இருக்கிறது: ‘காண்டூர் எரர்’. வெட்டுமுனை வரையவேண்டிய கோட்டைவிட்டு எவ்வளவு விலகியது என்பது. முந்தைய மடல்களில் இரண்டும் ஒன்றாகவே பேசப்பட்டன. எக்ஸ், ஒய் இரண்டு அச்சுகளிலும் கெயின் ஒன்றாக இருந்தால், சீரான வேகத்தில் சாய்கோடு வெட்டும்போது இரண்டும் தத்தம் வேகத்துக்கேற்பப் பின்தங்கும். முனை கோட்டின்மேலேயேதான் இருக்கும், சற்றுத் தாமதமாக, அவ்வளவே. பின்தங்கல் 2 மி.மீ., கோடு துல்லியம். வட்டத்தில் அப்படி நடக்காது. 20 மி.மீ. ஆரத்தை அதே வேகத்தில், அதே கெயினில், ஃபீட்ஃபார்வர்டு இல்லாமல் வெட்டினால் ஆரம் ஏறத்தாழ 0.1 மி.மீ. சுருங்கும். வேகத்தைக் கூட்டினால் இன்னும் சுருங்கும். கெயின்கள் வேறுபட்டால் வட்டம் நீள்வட்டமாகவே ஆகிவிடும்.

காண்டூர் எரருக்குத் தடவிலகல் என்று வைக்கலாம். ‘தடப்பிழை’ என்றாலும் எனக்குச் சண்டையில்லை, இங்கே பிழை பொருந்துகிறது. ஆனால் விலகல் புள்ளியியலில் வேறு வேலை பார்க்கிறது என்று யாராவது வருவார்கள். முன்னொட்டு இருப்பதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

ஆக, பட்டியலில் ஒன்றுக்குப் பதில் இரண்டு பதிவுகள் கேட்கிறேன். கூடவே ஒன்று: இருபுறமும் மோட்டார் உள்ள கேன்ட்ரியில் (பாலம்போல் குறுக்கே நின்று நகரும் சட்டம்) அந்த மோட்டார்கள் இரண்டின் நிலைகளுக்கும் இடையே வரும் வேறுபாட்டுக்கு இன்னும் பெயரில்லை. ‘இணைவிலகல்’ என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் இதே இழையில் போடுங்கள்.