புசா 402 மீட்டரில் ஓட மறுக்கிறது, அவசர உதவி தேவை

கெப்போங் வல்லூறு | ஞாயிறு, இரவு 11.40
வணக்கம். அடுத்த சனிக்கிழமை 402 மீட்டர் நேர்ப்பந்தயத்தில் மறுபடி ஓட வேண்டும், அதனால் சீக்கிரம் பதில் சொல்லுங்கள். என் புசாவுக்கு, அதாவது சுசுகி ஹயபூசா மோட்டார் சைக்கிளுக்கு, செய்யாத வேலை இல்லை. முழுச் சைலன்சர், ஏர் ஃபில்டர், நீட்டிய ஸ்விங்ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை), முன்பக்கம் பெல்ட் கட்டி இறக்கியாகிவிட்டது. நேற்று செப்பாங் பந்தயத்தளத்தில் நண்பனின் புசாவிடம் மூன்று ஓட்டத்திலும் தோற்றேன். அவன் வண்டி கடையிலிருந்து வந்தபடியே இருக்கிறது, பக்கக் கண்ணாடியைக்கூட அவன் கழற்றவில்லை. எங்கே தவறு?

கிள்ளான் கியர் | 11.52
எந்த ஆண்டு வண்டி தம்பி? 1999இல் வந்த 1299 சிசியா, 2008இல் வந்த 1340ஆ, 2021இல் வந்ததா? நண்பனுடையது எது? என்ன நேரம் ஓடினீர்கள்? "புசா" என்று மட்டும் சொன்னால் நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்பது?

செந்தூல் பட்டறை | திங்கள், காலை 12.10
கிளட்ச். கிளப்பும்போது வழுக்குகிறது. தட்டுகளையும் ஸ்பிரிங்கையும் மாற்றுங்கள், வேறு எதையும் தொடவேண்டாம்.

பழைய 1299 | 7.15
என் 2003 வண்டியில், கியர் சென்சாரை ஏமாற்றும் சின்னப் பெட்டி ஒன்றைப் பொருத்தினேன். கீழ் கியர்களில் இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தீப்பொறியைத் தாமதப்படுத்துவது நின்றது. த்ராட்டிலை முறுக்கினால் பறக்கிறது. அதை முயன்று பாருங்கள்.

மீட்டர் மாஸ்டர் | 8.30
மாதம் ஒருமுறை இதே கேள்வி, இதே அரைகுறை விவரம். பழைய 1299 சொல்லும் பெட்டி முதல் தலைமுறைக்கு உரியது. இரண்டாம் தலைமுறையில் இசியுவைத் திருத்தி எழுதுவார்கள், கீழ் கியர்களில் என்ஜினுக்குள் காற்றை விடும் இரண்டாம் த்ராட்டில் தட்டுகள் முழுதாகத் திறக்காததே அங்குள்ள தடை. மூன்றாம் தலைமுறையில் த்ராட்டிலே மின்சாரத்தில் இயங்குகிறது. இவை தெரியாமல் பணத்தைச் சைலன்சரில் கொட்டுகிறவர்களுக்கு என்ன சொல்வது.

கெப்போங் வல்லூறு | மதியம் 1.05
என்னுடையது 2010. அவனுடையது புதியது. என் நேரம் 10.8 வினாடி. இசியுவைத் தொடவில்லை. வேறு என்ன வேண்டும்?

பத்துமலை 97 | 1.20
என்ன பெட்ரோல் ஊற்றுகிறீர்கள்? ஆக்டேன் 95 என்றால் அதுதான் காரணம். 97 ஊற்றினால் தெரியும்.

கிள்ளான் கியர் | 1.31
97இல் சக்தி அதிகம் என்று யார் சொன்னது? அந்த எண், வெடிப்புத் தட்டலைத் தாங்கும் திறனைச் சொல்கிறது, அவ்வளவுதான். என்ஜின் தட்டவில்லை என்றால் 97க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்.

பத்துமலை 97 | 1.44
முதல் தலைமுறைக்கு அழுத்த விகிதம் 11, இரண்டாவதுக்கு 12.5. நம் ஊர் வெயிலில் 12.5 தட்டாமல் இருக்குமா? நீங்கள் மலிவைப் பார்க்கிறீர்கள், நான் பிஸ்டனைப் பார்க்கிறேன்.

கிள்ளான் கியர் | 1.52
பிஸ்டனைப் பார்க்க என்ஜினைப் பிரித்தீர்களா? இல்லையே.

பழைய 1299 | 2.30
எப்படியும் மூன்றாம் தலைமுறை பின்னோக்கிப் போனதுதானே. 2008இல் 197 குதிரைத்திறன், 2021இல் 190. அதிகம் சக்தி உள்ள வண்டி தோற்கிறது என்றால் ஓட்டுகிறவர் மேல்தான் சந்தேகம்.

மீட்டர் மாஸ்டர் | 2.41
உச்சத்தில் ஏழு குறைந்திருக்கிறது, நடுச்சுழற்சியில் கூட்டியிருக்கிறார்கள். அதோடு கிளப்ப உதவும் கட்டுப்பாடு மூன்று நிலைகளில் இருக்கிறது, கிளட்ச் தொடாமல் கியர் மாற்றும் வசதியும் இருக்கிறது. 402 மீட்டரில் தாளில் உள்ள எண் ஓடாது.

பட்டர்வொர்த் தேவி | மாலை 6.20
தம்பி, 10.8 மட்டும் போதாது. நேரச்சீட்டில் முதல் 18 மீட்டர் நேரமும் கோட்டைத் தாண்டும் வேகமும் இருக்கும். இருவருடையதையும் போடுங்கள். ஸ்விங்ஆர்ம் எத்தனை அங்குலம் நீட்டினீர்கள்? பின் டயரில் எவ்வளவு காற்று?

கெப்போங் வல்லூறு | 9.48
என்னுடையது 18 மீட்டருக்கு 2.17 வினாடி, மொத்தம் 10.81, கோட்டில் மணிக்கு 227 கிலோமீட்டர். அவனுடையது 1.80, 10.42, 222. ஸ்விங்ஆர்ம் ஆறு அங்குலம். காற்று 42 பிஎஸ்ஐ, புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பட்டர்வொர்த் தேவி | 10.15
எல்லாச் சம்பந்தமும் அங்கேதான். கோட்டைத் தாண்டும்போது உங்கள் வண்டி 5 கிலோமீட்டர் வேகமாகப் போகிறது, என்ஜினில் குறை இருந்தால் அப்படி வராது. முதல் 18 மீட்டரிலேயே 0.37 போய்விட்டது. மொத்தத்தில் தோற்றது 0.39. மிச்ச ஓட்டம் முழுவதிலும் நீங்கள் இழந்தது வெறும் 0.02தான்.

வண்டி கிளம்பும்போது எடை பின்னால் சாய்கிறது. அந்த எடைதான் பின் டயரைத் தரையில் அழுத்துகிறது. வண்டியை இறக்கி, நீளத்தையும் கூட்டினால் முன் சக்கரம் தூக்காது, நல்லதுதான். ஆனால் பின்னால் சாயும் எடையும் குறைகிறது. அதற்கு மேல் 42 காற்று வைத்தால் டயர் கல் மாதிரி நிற்கும், ரப்பர் தரையில் பதியாது. டயர் பிடிக்கப் பசை போடாத தளம் என்றால் இன்னும் மோசம். உங்கள் சக்கரம் அங்கேயே சுற்றியிருக்கும், நீங்கள் அதைக் கிளட்ச் வழுக்கல் என்று நினைத்திருப்பீர்கள்.

என் வண்டியில் ஓட்டத்துக்கு முன் பின் டயரை 26 வரை இறக்குவேன். நீங்கள் 30இல் தொடங்கி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இரண்டிரண்டாகக் குறையுங்கள், 18 மீட்டர் நேரத்தை எழுதி வையுங்கள். நான்கு அங்குலத்துக்கு ஸ்விங்ஆர்மைத் திருப்பினாலும் குற்றமில்லை. கவனம்: வீடு திரும்பும் முன் காற்றை மறுபடி ஏற்றுங்கள், குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் போகாதீர்கள்.

செந்தூல் பட்டறை | 10.22
கிளட்ச் தட்டும் போயிருக்கும் அக்கா. பந்தயம் வைக்கலாம்.

மீட்டர் மாஸ்டர் | 10.40
நான் முதலிலேயே தரவு கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

கிள்ளான் கியர் | 10.43
கேட்கவில்லையே.

பத்துமலை 97 | செவ்வாய், காலை 7.05
நீட்டிய ஸ்விங்ஆர்மோடு சாலையில் போவதற்கு சாலைப் போக்குவரத்துத் துறை ஜேபிஜே என்ன சொல்கிறது? அதை யாரும் பேசவில்லை.

பழைய 1299 | 7.30
லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள். நான் அப்படித்தான் போகிறேன்.

கெப்போங் வல்லூறு | சனி, இரவு 8.12
28இல் நிறுத்தினேன். 1.88, 10.38. நண்பனுக்கு 10.44. ஸ்விங்ஆர்மைத் தொடவில்லை. நன்றி அக்கா.

செந்தூல் பட்டறை | 8.20
கிளட்சையும் ஒரு முறை பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

புக்கிட் மெர்தாஜாம் ரைடர் | 9.03
என் வண்டியும் இப்படித்தான் கிளம்பும்போது தடுமாறுகிறது. என்ன காரணமாக இருக்கும்?

கிள்ளான் கியர் | 9.05
எந்த ஆண்டு வண்டி?