தங்கத் தகட்டில் ஆல்ஃபா துகளைத் திருப்பியது ஒரே மோதல்தானா?

கேள்வி – முதுகலை மாணவி:
வணக்கம். மெல்லிய தங்கத் தகட்டின் மீது ஆல்ஃபா துகள்களை (நேர்மின்னூட்டம் கொண்ட ஹீலியம் கருக்களை) செலுத்தி, அவை எப்படி விலகுகின்றன என்று பார்த்த ரூதர்ஃபோர்டின் சிதறல் ஆய்வில் எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. சில ஆல்ஃபா துகள்கள் 90 பாகைக்கு மேல் திரும்பின, ஆகவே அணுவின் நடுவே கரு இருக்கிறது என்று பாடநூல் ஒரே தாவலில் முடித்துவிடுகிறது. தகட்டின் தடிமன் 0.00004 சென்டிமீட்டர்தான் என்றாலும் அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணு அடுக்குகள் இருக்குமே. ஒவ்வோர் அடுக்கிலும் சிறிது சிறிதாக விலகி, அவையெல்லாம் சேர்ந்தே துகள் திரும்பியிருக்கக் கூடாதா?

மறுமொழி – கல்லூரி ஆசிரியர்:
நல்ல கேள்வி. அணு முழுவதும் நேர்மின் பரவியிருப்பதாகக் கருதிய இயற்பியலாளர் தாம்சனும், சிறு விலகல்கள் பல சேர்வதாகத்தான் அன்று விளக்கினார். ஆனால் அவை ஒரே பக்கமாகச் சேர்வதில்லை. ஒன்று வலப்புறம், ஒன்று இடப்புறம் என்று அமைந்து பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், மொத்த விலகல் மோதல்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வளராமல், அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளரும். அதே தடிமனுள்ள தங்கத் தகட்டில் மிக அதிக வாய்ப்புள்ள விலகல் ஏறத்தாழ 0.87 பாகை என்று ரூதர்ஃபோர்டுடன் பணியாற்றிய கெய்கர் அளந்திருந்தார். தாராளமாக 1 பாகை என்றே வைத்துக் கணக்கிட்டாலும், 90 பாகை திரும்பும் வாய்ப்பை எழுதத் தசமப் புள்ளிக்குப் பின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுழியங்கள் போட வேண்டியிருக்கும். ஆய்வில் கண்டதோ 20,000 துகள்களுக்கு ஒன்று. ஒரே மோதலில் திரும்பியது என்பதைத் தவிர வேறு வழியில்லை.

மறுமொழி – ஆய்வு மாணவர்:
ஐயா சொன்னதோடு 1913 ஆம் ஆண்டின் அளவீட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்; என் பார்வையில் வலுவான சான்று அதுதான். கெய்கரும் அதே ஆய்வகத்தைச் சேர்ந்த மார்ஸ்டெனும் இருட்டறையில் அமர்ந்து, ஆல்ஃபா துகள்கள் மோதும்போது துத்தநாக சல்பைடு திரையில் தோன்றி மறையும் ஒளிப்பொட்டுகளை நுண்ணோக்கி வழியே ஒரு லட்சத்துக்கு மேல் எண்ணினார்கள். ஒற்றை மோதல் என்றால் பெருங்கோணத்தில் சிதறுபவற்றின் எண்ணிக்கை தடிமனுக்கு நேர்விகிதத்தில் கூட வேண்டும், அப்படியே கூடியது. இடையில் மைக்கா தகடுகளை வைத்துத் துகளின் வேகத்தைக் குறைத்தபோதும், வேகத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் சிதறல் மிகுந்தது.

மாணவி:
மிக்க நன்றி. கருவின் மின்னூட்டம் நேர்மின் என்பதும் இதே ஆய்வில்தான் தெரிந்ததா?

கல்லூரி ஆசிரியர்:
இல்லை அம்மா. சிதறல் சூத்திரத்தில் மின்னூட்டங்களின் பெருக்கற்பலன் வர்க்கமாகவே வருகிறது; கரு துகளை விலக்கினாலும் ஈர்த்தாலும் திரையில் விழும் எண்ணிக்கை ஒன்றுதான். 1911 ஆம் ஆண்டுக் கட்டுரையில் ரூதர்ஃபோர்டே மின்னூட்டத்தின் குறியை (நேர்மின்னா, எதிர்மின்னா என்பதை) முடிவுசெய்யாமல்தான் விட்டிருந்தார்.